தினமும் எழுத எந்தப் பேனா? கை வலிக்கிறது, ‘ண’ அடைபடுகிறது, புள்ளி விழுவதில்லை

சங்கத்து எழுத்தர் | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கணினி வந்த பிறகும் கையால் எழுதும் வேலை குறையவில்லை. பகலில் ரசீது, பேரேடு, தீர்மானப் புத்தகம். மாலையில் டிஎன்பிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்குத் தமிழில் விடை எழுதிப் பழகுகிறேன். எல்லாவற்றுக்கும் பெட்டிக்கடையில் வாங்கும் பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனாதான்.

ஒரு மணி நேரம் தொடர்ந்து எழுதினால் கட்டைவிரலின் அடியில் இழுத்துப் பிடிக்கிறது. வேகம் கூடினால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல் தெரிகின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் பல இடங்களில் விழுவதே இல்லை. பயிற்சி மையத்தில் விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர், புள்ளி இல்லாத இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தார்.

ஒரு நண்பர் ஜெல் என்கிறார், இன்னொருவர் மைப்பேனா என்கிறார். நூறு ரூபாய் வரை செலவழிக்கத் தயார். ஆனால் ரீஃபில் எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

ரீஃபில் கடை | திங்கள், இரவு 9.40

எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். சந்தேகமே வேண்டாம், ரெனால்ட்ஸ் 045 வாங்குங்கள். வெள்ளை உடல், நீல மூடி. எத்தனையோ பேர் இதில்தான் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். 2023இல் இந்தப் பேனா நிறுத்தப்படப் போகிறது என்று ஒரு செய்தி சுற்றியது. நிறுவனமே அதை மறுத்துவிட்டது. இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. மழையில் நனைந்தாலும் எழுத்து கலையாது.

மூன்றுசுழி | திங்கள், இரவு 10.25

045ஐ நானும் மதிக்கிறேன். ஆனால் தம்பி கேட்டது வேறு. அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான்; நாள் முழுவதும் தமிழ் எழுத்தையும் அதன் புள்ளியையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் சிக்கலை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கை வலிப்பது அழுத்தத்தால். ‘ண’ அடைபடுவதும் புள்ளி விழாததும் முனையாலும் மையாலும்.

பால்பாயின்ட்டில் இருப்பது எண்ணெய் கலந்த கெட்டியான மை. முனையில் உள்ள குண்டு, பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடால் ஆனது, உருண்டால்தான் அந்த மை தாளுக்கு வரும். உருளுவதற்குத் தாளில் பிடிப்பு வேண்டும், பிடிப்புக்கு அழுத்தம் வேண்டும். கை வலியின் ஊற்று இதுதான். புள்ளி வைக்கும்போது என்ன நடக்கிறது? முனை தாளைத் தொடுகிறது, உடனே எழுகிறது. குண்டு உருளவே இல்லை. மை எங்கிருந்து வரும்? பால்பாயின்ட்டில் எழுதிப் பழகியவர்கள் தங்களை அறியாமலே புள்ளியைச் சின்ன வட்டமாகவோ கீற்றாகவோ போடுவதைக் கவனித்துப் பாருங்கள். மெதுவாக எழுதும்போது அது சரிப்படும். நேரம் துரத்தும்போது வெறும் தொடுகையாகிவிடும்.

அடுத்து, பேனாவைத் தூக்குவது. ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தில் எழுதுபவர் ஒரு சொல்லை முனையை எடுக்காமலே முடித்துவிடலாம். நாம் எழுத்துக்கு எழுத்து தூக்குகிறோம். ‘கொ’ என்று எழுதக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று முறை வைத்து எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் நின்றுபோன குண்டு புதிதாக உருளத் தொடங்க வேண்டும். ஆகவே தமிழ் எழுதுகிறவர் பேனாவில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதை அல்ல. வைத்த இடத்திலேயே மை இறங்குகிறதா என்பதை.

மூன்றாவது சுழி. கோடு வளைந்து திரும்பும்போது குண்டைச் சுற்றியுள்ள விளிம்பில் மை சேர்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கறுப்புப் பொட்டாக இறங்கும். நேர்க்கோட்டில் இது குறைவு, வளைவில் அதிகம். நம் எழுத்தில் வளைவு இல்லாதது எத்தனை? ‘ட’, ‘ப’ என்று விரல்விட்டு எண்ணலாம். மூன்று சுழி ‘ண’வின் உள்ளே அந்தப் பொட்டு விழுந்தால் அது இரண்டு சுழி ‘ன’வாகவே தெரியும். ‘ஞ’, ‘ழ’, ‘ஐ’, ‘னை’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பேனாவில் 0.5, 0.7, 1.0 என்று போட்டிருப்பது குண்டின் விட்டம், மில்லிமீட்டரில். அதுவே கோட்டின் அகலம் அல்ல. கோடு அதைவிட மெலிதாக விழும். ஒரே எண் போட்ட ஜெல் பேனா, பால்பாயின்ட்டைவிடத் தடிமனாக எழுதும், ஏனென்றால் அதில் மை தாராளமாக இறங்குகிறது. எனவே பால்பாயின்ட் என்றால் 0.7, ஜெல் என்றால் 0.5. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு. தமிழுக்கு அதற்கு மேல் போக வேண்டாம். 1.0 முனை கையெழுத்துப் போடவும் விலாசம் எழுதவும் நன்றாக இருக்கும், விடைத்தாளில் வேண்டாம். மெலிந்த முனை வகைகளில் ஜப்பானிய நிறுவனங்கள் முன்னணியில் இருப்பது தற்செயல் அல்ல. கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கீற்றுள்ள எழுத்தை அடக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கீற்று, நமக்குச் சுழி.

இரவுப்பணி | திங்கள், இரவு 11.50

மூன்றுசுழி ஐயா சொன்ன புள்ளி விஷயத்தை இப்போதுதான் எழுதிப் பார்த்தேன். முற்றிலும் உண்மை.

நான் செவிலியர். எங்களுக்கு வேறொரு தொல்லை. கையில் சானிடைசர் போட்டு அது காய்வதற்குள் நோயாளியின் குறிப்பேட்டில் எழுத வேண்டியிருக்கும். பால்பாயின்ட் மை தண்ணீருக்குக் கரையாது, ஆனால் ஆல்கஹாலில் கரையும். ஈரக் கை பட்டால் நேற்றைய குறிப்புகூட இழுபடும். நிறமி, அதாவது கரையாத நுண்ணிய நிறத் துகள், கலந்த மை உள்ள பேனாவில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. வார்டில் நின்றுகொண்டே எழுதுவதால் மூடி வைத்த பேனாவும் எங்களுக்கு ஒத்துவராது, மேலே அமுக்கித் திறப்பதாக இருக்க வேண்டும்.

சட்டைப் பையில் பால்பாயின்ட் கசிந்தால் இதே சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கறை பெரும்பாலும் போய்விடும்.

பேரேடு | செவ்வாய், காலை 7.05

ஜெல் பக்கம் போவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். சங்கத்தில் ரசீது எழுதுகிறேன் என்கிறீர்கள். கார்பன் தாள் வைத்து இரண்டு, மூன்று படி எடுக்கும் ரசீதுப் புத்தகமா? அப்படியானால் பால்பாயின்ட்டைத் தவிர வேறு வழியே இல்லை. அடியில் இருக்கும் படிக்குப் பதிவு இறங்க அழுத்தம் வேண்டும். ஜெல் முனையை அப்படி அழுத்தினால் அது சீக்கிரம் கெட்டுவிடும். மைப்பேனாவை அழுத்தினால் நிப்பு பிளந்துகொள்ளும். மேல் தாள் அழகாகவும் அடித்தாள் வெறுமையாகவும் இருந்தால் தணிக்கையில் பதில் சொல்வது யார்?

எங்கள் மண்டியில் ரசீதுக்கென்று ஒரு பேனாவை நூல் கட்டி மேசையிலேயே வைத்திருக்கிறோம்.

எபோனைட் | செவ்வாய், காலை 8.30

கை வலிக்கு ஒரே மருந்து மைப்பேனா. இதை மனதாரச் சொல்கிறேன். நிப்பின் பிளவு வழியே மை தானாகத் தாளுக்கு இறங்குகிறது, நீங்கள் அழுத்தவே தேவையில்லை. பேனாவின் எடையே போதும். பால்பாயின்ட்டை ஓரளவு செங்குத்தாகப் பிடித்தால்தான் எழுதும். மைப்பேனா சாய்ந்து படுத்தபடியே எழுதும். மணிக்கட்டுக்கும் விரலுக்கும் அது எவ்வளவு ஆறுதல் என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். புள்ளியும் தொட்டாலே விழும்.

நல்ல பேனாவுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கோ கடையில் காமா பேனாக்கள் கிடைக்கின்றன. திருவள்ளூரில் ரங்கா பேனாக்களைக் கையால் கடைந்து செய்கிறார்கள். ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930களிலிருந்து வருகிறது. இவை பலவும் எபோனைட்டில் கடைந்தவை. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். கையில் வியர்த்தாலும் வழுக்காது. விலை உங்கள் நூறு ரூபாயைத் தாண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கேம்லின் போன்ற விலை குறைந்த ஒன்றில் பழகிப் பார்க்கலாம்.

நிப்பு வாங்கும்போது ‘எஃப்’ (ஃபைன், அதாவது மெலிந்த முனை) என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஜப்பானிய எஃப், ஐரோப்பிய எஃப்பைவிட மெலிது.

பேரேடு | செவ்வாய், காலை 8.52

எபோனைட் அண்ணா, நம் ஊர் வெயிலில் சட்டைப் பையில் வைத்தால் கசியாதா?

எபோனைட் | செவ்வாய், காலை 9.20

நேர்மையான கேள்வி. கசிய வாய்ப்பு உண்டு, காரணத்தையும் சொல்கிறேன். உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனாக்களில் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். உடல் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். அதனால் மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதற்குள் நிரப்பிவிட வேண்டும், நிப்பு மேல்நோக்கி இருக்கும்படி செருக வேண்டும். எபோனைட் உடல் தடிமனானது, சூட்டை மெதுவாகவே கடத்தும். மெல்லிய பிளாஸ்டிக்கைவிட இதில் தொல்லை குறைவு. மாதம் ஒருமுறை தண்ணீரில் கழுவினால் நிப்பும் அடைக்காது.

இந்தப் பராமரிப்புக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு நான் மைப்பேனாவைச் சொல்லவே மாட்டேன்.

இடக்கை | செவ்வாய், மதியம் 1.15

இடது கையால் எழுதுபவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் இடமிருந்து வலம் போகிறது. எழுதி முடித்த எழுத்தின் மேலேயே எங்கள் கை நகர்ந்து வருகிறது. ஜெல்லும் மைப்பேனாவும் காய்வதற்குள் உள்ளங்கையின் ஓரம் முழுவதும் நீலம், தாளிலும் தீற்றல். எங்களுக்குச் சட்டென்று காயும் பால்பாயின்ட்தான் வசதி. யூனிபால் ஜெட்ஸ்ட்ரீம் வகையை முயன்று பார்க்கலாம். 2006இல் வந்தது. எண்ணெய் மைதான், ஆனால் கெட்டித்தன்மை குறைக்கப்பட்டது. அழுத்தம் குறையும், காய்வதும் விரைவு. வலது கைக்காரர்களுக்கும் இது நடுவழி.

சங்கத்து எழுத்தர் | செவ்வாய், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. ஆம், ரசீது மூன்று படி, கார்பன் வைத்துத்தான். விடை எழுதிப் பழகுவது சாதாரணக் கோடு போட்ட நோட்டில். கடன் ஆவணம், காசோலை எழுதும் வேலையும் வரும். அதற்கு எந்த மை? காசோலையில் கருப்பு மை கூடாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

ரீஃபில் கடை | செவ்வாய், இரவு 9.48

அது பொய்ச் செய்தி. ரிசர்வ் வங்கி அப்படி எந்த நிறத்தையும் தடை செய்யவில்லை. காசோலை இப்போது படமாகத்தான் வங்கிக்கு வங்கி போகிறது, அதனால் ஸ்கேனில் தெளிவாக விழும் மையில், அழியாத மையில் எழுதச் சொல்கிறார்கள். நீலமோ கருப்போ போதும்.

நிறத்தைவிட முக்கியம் மையின் வகை. சாயம் கரைந்த மையை ரசாயனம் வைத்துக் கழுவி எடுத்துவிட்டுத் தொகையை மாற்ற முடியும். நிறமி மையின் துகள் தாளின் நாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் வராது. யூனிபால் ஐ, யூனிபால் சிக்னோ 207 இந்த வகை. எல்லா ஜெல்லும் நிறமி மை அல்ல, அட்டையில் போட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

அழித்து எழுதும் ஃப்ரிக்ஷன் பேனா வாங்கப் பலர் வருகிறார்கள். ஆவணத்துக்கு என்றால் நான் கொடுப்பதே இல்லை. சுமார் 60 டிகிரி சூடு பட்டால் அந்த மை நிறம் இழந்துவிடும். ரப்பரால் தேய்க்கும் சூட்டுக்கே மறைவது, லேமினேஷன் இயந்திரத்துக்குள் போனால் என்ன ஆகும்? தாள் வெள்ளையாக வெளியே வரும்.

மூன்றுசுழி | செவ்வாய், இரவு 10.40

ஆக, தம்பிக்கு ஒரு பேனா போதாது. ரசீதுக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே பேனாவில் தேடினால் இரண்டும் கெடும். ரசீதுக்கு ரீஃபில் கடை நண்பர் சொன்ன 045ஓ லிங்க் பென்டோனிக்கோ போதும்.

விடைக்கு வாங்கும்முன் தாளைப் பாருங்கள். பள்ளி நோட்டுகள் பெரும்பாலும் மெல்லிய தாள். பைலட் வி5 போன்ற நீர்ம மைப் பேனா அருமையாக எழுதும். அழுத்தமே வேண்டாம், புள்ளி தொட்டவுடன் விழும். ஆனால் மெல்லிய தாளில் மை பரவி மறுபக்கம் தெரியும், ஒரு நொடி முனையை ஊன்றி யோசித்தால் அங்கே பொட்டு விழும். மை மட்டுப்பட்டு இறங்கும் 0.5 ஜெல்தான் இங்கே பொருந்தும். ஜெல் மை நின்றால் கெட்டி, குண்டு உருண்டால் நீர்த்துவிடும். மறுபடி நின்றால் மறுபடி கெட்டி. அதனால்தான் புள்ளியும் விழுகிறது, பரவலும் அளவோடு நிற்கிறது. ரெனால்ட்ஸ் டிரைமேக்ஸ் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது, ரீஃபிலும் உண்டு. ஜெல் ரீஃபில் சீக்கிரம் தீரும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிக் கிரிஸ்டல் போன்ற பால்பாயின்ட் ஒன்றில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் எழுதலாம் என்பார்கள். ஜெல் அவ்வளவு தூரம் வராது.

கடையில் சோதிக்கும் முறை இது. கடைக்காரர் வைத்திருக்கும் வழவழப்பான துண்டுத் தாளில் சுழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கொண்டுபோங்கள். மேசையில் வைத்து, தேர்வில் எழுதும் வேகத்திலேயே, ‘கிணற்றுத் தண்ணீரில் வெண்ணெய்க் கிண்ணம்’ என்று நான்கு வரி எழுதுங்கள். நின்று பாருங்கள். ‘ண்ணெ’வில் சுழிகளுக்கு நடுவே வெள்ளை தெரிகிறதா? ‘ற்’, ‘ண்’, ‘ம்’ தலையில் புள்ளி விழுந்திருக்கிறதா? பிறகு தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். மேடு தட்டினால் இன்னமும் அழுத்துகிறீர்கள் என்று பொருள். கடைசியாக, மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் வைத்துவிட்டு முதல் எழுத்தை எழுதிப் பாருங்கள். முதல் கீற்றே விழுந்தால் அந்தப் பேனா உங்களுக்கானது.

பேனாவின் உடலையும் பாருங்கள். மெல்லிய உடலை விரல்கள் நெருக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அதனாலும் வலி வரும். கொஞ்சம் பருத்த, ரப்பர் பிடி உள்ளதை எடுங்கள். முனைக்கு மிக அருகில் பிடிக்காமல் சற்று மேலே பிடித்தால், முனையும் கண்ணுக்குத் தெரியும், குனிய வேண்டியதும் இல்லை.

இரவுப்பணி | புதன், அதிகாலை 4.20

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. முதல்நிலைத் தேர்வின் ஓஎம்ஆர் தாளுக்கு டிஎன்பிஎஸ்சி கருப்பு பால்பாயின்ட் மட்டுமே கேட்கிறது. ஜெல் பழகிவிட்டது என்று அதைக் கொண்டுபோகாதீர்கள். வட்டத்தை நிரப்பும்போது ஈரம் இழுபட்டுப் பக்கத்து வட்டத்திலும் படும். முதன்மைத் தேர்வுக்கும் நுழைவுச் சீட்டில் உள்ள பேனா, நிறக் குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் மூடியில் துளை உள்ள பேனாவாகப் பாருங்கள். பிள்ளை மூடியைத் தவறி விழுங்கினாலும் மூச்சுப் போக வழி இருக்கட்டும் என்றுதான் அந்தத் துளையை வைக்கிறார்கள்.

சங்கத்து எழுத்தர் | வியாழன், இரவு 8.55

தாளோடு கடைக்குப் போய்வந்தேன். டிரைமேக்ஸும் ஜெட்ஸ்ட்ரீமும் எழுதிப் பார்த்தேன். டிரைமேக்ஸில் புள்ளி ஒன்றுகூடத் தவறவில்லை, அதையே வாங்கிக்கொண்டேன். இன்று ஒரு கேள்விக்கு முழு விடையும் எழுதினேன். தாளின் பின்பக்கம் மேடு குறைந்திருக்கிறது, ஆனால் வலி முழுதாகப் போகவில்லை. அலுவலகத்தில் பகல் முழுக்க அழுத்திவிட்டு வருவதாலா? இன்னொன்று, மேசையிலிருந்து ஒருமுறை முனை கீழாக விழுந்தது. அதிலிருந்து இடையிடையே வெட்டுகிறது.

மூன்றுசுழி | வியாழன், இரவு 9.30

ரசீது எழுதிய கை உடனே மாறாது. மாலையில் முதல் ஒரு பக்கத்தை மிக மெதுவாக, கோடு மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை என்று தளர்த்தி எழுதுங்கள். பிறகு வேகத்துக்குப் போங்கள். அப்படியும் சில வாரங்களில் வலி விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி, பேனாவை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

விழுந்த ரீஃபிலில் குண்டின் இருக்கை நசுங்கியிருக்கும் அல்லது முனைக்குள் காற்று புகுந்திருக்கும். முனை கீழாக இருக்கும்படி ஓர் இரவு நிறுத்தி வைத்துப் பாருங்கள். காற்று என்றால் சரியாகிவிடும். நசுங்கல் என்றால் ரீஃபிலை மாற்றுங்கள், சூடு காட்டவோ தரையில் தேய்க்கவோ வேண்டாம்.

ரீஃபில் கடை | வியாழன், இரவு 9.41

ரீஃபில் வாங்கும்போது இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். முனையில் ஒட்டியிருக்கும் மெழுகுப் பொட்டைத் தேர்வுக்கு முந்தின நாளே எடுத்து அரைப் பக்கம் எழுதிவிட்டு உள்ளே போடுங்கள். புது ரீஃபிலைத் தேர்வுக் கூடத்தில் முதன்முதலாகத் திறக்காதீர்கள்.